விபத்துக்குப் பின் மன அமைதிச் செயலிகள்: தனியாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு நெடுஞ்சாலையில் நடந்த ஒரு விபத்தில் எனக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் லாரியின் ஏர் ஹாரன் கேட்டதும் கை நடுங்குவதும், விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பதும், அந்த இடத்தைத் தவிர்ப்பதற்காகவே பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போவதும் நிற்கவில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கைபேசியில் தேடி முதலில் கண்ணில் பட்ட தியானச் செயலியை நிறுவினேன். அடுத்த ஐந்து மாதங்களில், ஒரு பயிற்சி என் நடுக்கத்தை அதிகமாக்கியது; ஓராண்டுச் சந்தா என் கவனத்துக்கு வராமலே கணக்கிலிருந்து போனது; கடைசியில் உதவியது நான் ஒரு ரூபாய்கூடச் செலவிடாத செயலியும், நான் போகத் தயங்கிய மருத்துவரும்தான். அந்த ஐந்து மாதங்களை நீங்கள் ஐந்து நாட்களாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: செயலிக்குக் கண் கிடையாது. எதிரே ஒரு பயிற்சியாளர் இருந்தால் உங்கள் முகம் வெளிறுவதைப் பார்த்து நிறுத்திவிடுவார். ஒலிப்பதிவோ அதே இனிய குரலில் "அந்த உணர்வுடனேயே இருங்கள்" என்று சொல்லிக்கொண்டு போகும். ஆகவே உங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையையும் நீங்களே ஏற்கிறீர்கள். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

1. செயலி இப்போது உங்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

வேலை அழுத்தம், தேர்வுப் பதற்றம், வீட்டுக் கவலை போன்றவற்றுக்குத் தயங்காமல் தொடங்கலாம். விபத்து, தாக்குதல், வன்முறை, திடீர் மரணம் போன்ற ஒன்றுக்குப் பின் வந்த தொல்லை என்றால், நிகழ்வு நடந்து எவ்வளவு நாளாகிறது என்று கணக்கிடுங்கள். முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பலருக்கும் உண்டு. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே குறைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் அந்தக் காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போவது அல்லது தன்னையே பழித்துக்கொள்வது, எப்போதும் எச்சரிக்கையாகவே இருப்பது ஆகியவை சேர்ந்து நீடித்தால், மருத்துவர்கள் பிடிஎஸ்டி (மனக்காயத்துக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று அழைக்கும் நிலை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சைகளும் மருந்துகளும்தான் முதன்மைச் சிகிச்சை. செயலி அவற்றுக்குத் துணை.

தற்கொலை எண்ணம் வருகிறது, இல்லாத குரல்கள் கேட்கின்றன, சில நேரங்களில் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்து போகிறது, மது இல்லாமல் தூங்க முடியவில்லை என்று உங்களுக்கு ஏதேனும் ஒன்று பொருந்தினால், செயலியை ஒதுக்கி வைத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இந்தச் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112.

2. நிறுவுவதற்கு முன்பே ஒரு தொடக்க அளவை எழுதி வையுங்கள்

இந்தப் படியைத்தான் நான் தவறவிட்டேன். பின்னால் "முன்பைவிடப் பரவாயில்லையா?" என்று மருத்துவர் கேட்டபோது, எதனுடன் ஒப்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை.

பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 என்ற வினாப்பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 80. கடந்த ஒரு மாதத்தை மனத்தில் வைத்துப் பதில் எழுத வேண்டும். பத்து நிமிடம் போதும். கூட்டுத்தொகை 31 முதல் 33 வரையோ அதற்கு மேலோ இருந்தால் முறையான பரிசோதனை தேவை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்கு நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். நான் தாமதமாக முதல்முறை நிரப்பியபோது எனக்கு 44 வந்தது. அன்று இரவு முழுவதும் அந்த எண்ணையே நினைத்துக் கொண்டிருந்தேன், அது வீண்.

ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டில் தேதி, மொத்த எண், தூங்கிய நேரம் என மூன்று பத்திகள் வரைந்து கொள்ளுங்கள். நோட்டு வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: நல்ல செயலிகள் சில, பதிவுகளைக் கைபேசிக்குள் மட்டுமே வைத்திருக்கின்றன, கைபேசி தண்ணீரில் விழுந்தால் பதிவுகளும் போய்விடும்.

3. செயலியைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் இலவசமானவற்றில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. எனக்கு உதவியது அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் கீழ் இயங்கும் பிடிஎஸ்டி தேசிய மையம் உருவாக்கிய இரண்டு செயலிகள்: பிடிஎஸ்டி கோச், மைண்ட்ஃபுல்னெஸ் கோச். படைவீரர்களுக்காக உருவாக்கப்பட்டவை என்றாலும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை. முதல் செயலி 2011 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் நீங்கள் ஒரு தொல்லையைத் தேர்ந்தெடுத்தால், இப்போது எவ்வளவு கலக்கம் என்று பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் அளவுகோலில் குறிக்கச் சொல்கிறது. ஒரு பயிற்சியைத் தருகிறது. முடிந்ததும் மறுபடி குறிக்கச் சொல்கிறது. கண் இல்லாத கருவிக்கு இதுதான் கண். வேறு எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு பழக்கத்தை அதிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுவான மன அழுத்தத்துக்கு மட்டும் என்றால், லாப நோக்கில்லாத அமைப்புகள் நடத்தும் மெடிட்டோ, ஆஸ்திரேலியாவின் ஸ்மைலிங் மைண்ட் ஆகியவையும் உண்டு. இன்சைட் டைமரில் இலவசப் பதிவுகள் ஏராளம். ஆனால் பல ஆசிரியர்கள் பதிவேற்றுவதால் தரம் ஒரே சீராக இருக்காது, தேடுவதற்கே அரை மணி நேரம் போய்விடும். ஹெட்ஸ்பேஸ், காம் போன்றவை சந்தா கட்டுபவர்களுக்கானவை. அவற்றின் தயாரிப்பு நேர்த்தியானது, எனினும் முதல் மாதத்துக்கு அந்த நேர்த்தி உங்களுக்குத் தேவைப்படாது.

நட்சத்திர மதிப்பீட்டை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். நன்றாகத் தூக்கம் வந்தது என்று ஐந்து நட்சத்திரம் போடுபவருக்கும் உங்களுக்கும் ஒரே தொல்லை இருக்க வேண்டும் என்பதில்லை. உருவாக்கியவர் யார், மனக்காயத்துக்கு ஆளானவர்களுக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறதா, கணக்கில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்திலேயே தரவுப் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கும். உடல்நலத் தகவல் பிறருடன் பகிரப்படுகிறதா என்பதை அங்கே படித்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும். இது வெற்று அச்சம் இல்லை: 2023இல் அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி, பயனர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்ற வழக்கில் ஓர் இணையவழி ஆலோசனை நிறுவனத்தை 78 லட்சம் டாலர் செலுத்த வைத்தது.

4. பணம்: "ஏழு நாள் இலவசம்" என்ற பொறி

சந்தாச் செயலிகள் பலவற்றில் இலவச முன்னோட்டத்துக்கே கார்டு அல்லது யுபிஐ விவரம் கேட்பார்கள். நீங்கள் அனுமதி தரும் அந்த நொடியில் தானியங்கிப் பிடித்தத்துக்கும் ஒப்புதல் தந்துவிடுகிறீர்கள். நான் நான்காம் நாளே வேண்டாம் என்று முடிவு செய்து செயலியை நீக்கிவிட்டேன். எட்டாம் நாள் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் போய்விட்டது. செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. கைபேசியில் செயலியே இல்லாவிட்டாலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதல் மற்றும் சந்தாக்கள் என்ற பகுதிக்குள் சென்று ரத்து செய்ய வேண்டும். ஐஃபோனில் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் வரும். முன்னோட்டம் முடிவதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்பாவது ரத்து செய்துவிடுங்கள். செயலியின் சொந்த இணையதளத்தில் பணம் கட்டியிருந்தால் இந்த இரண்டு இடங்களிலும் அது தெரியாது. அந்தத் தளத்துக்குள் போய்த்தான் ரத்து செய்ய முடியும். யுபிஐ மூலம் ஒப்புதல் தந்திருந்தால், உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். எனக்கும் வந்திருந்தது, கடன் தருகிறோம், வீட்டுமனை தருகிறோம் என்ற குறுஞ்செய்திகளுக்கு நடுவே அது கிடந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். பிளே ஸ்டோரில் வாங்கியதற்குப் பணத்தைத் திரும்பக் கேட்பதென்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. நான் ஒன்பது நாள் கழித்துக் கேட்டேன், கிடைக்கவில்லை.

முன்னோட்டம் தொடங்கிய அன்றே ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் மீதி நாட்களுக்கு முன்னோட்டம் தொடரும், பணமும் போகாது. ரத்து செய்தவுடன் முன்னோட்டமும் நின்றுபோகும் என்று திரையில் எழுதியிருந்தால் மட்டும், கடைசி நாளுக்கு முந்தைய நாளில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. நிறுவியவுடன் மாற்ற வேண்டியவை

பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிக்கும் மணியின் சத்தத்தைக் குறையுங்கள் அல்லது நிறுத்திவிடுங்கள். அமைதியாகக் கண்மூடி இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று ஒலிக்கும் மணி, ஏற்கெனவே திடுக்கிடும் பழக்கம் உள்ளவருக்கு எப்படி இருக்கும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு காதுகளையும் அடைக்கும் ஹெட்ஃபோன் வேண்டாம். பின்னால் யார் வருகிறார்கள் என்று கேட்காதபோது என் உடல் தளர்வதற்குப் பதில் இறுகியது. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஒலிபெருக்கியில் குறைந்த சத்தத்தில் கேளுங்கள்.

செயலியில் உள்ள அவசர உதவிப் பொத்தானை நம்பாதீர்கள். வெளிநாட்டுச் செயலிகளில் அது அந்த நாட்டு எண்ணுக்குத்தான் போகும். அமெரிக்கச் செயலிகளில் 988 இருக்கும், அது இங்கே பயன்படாது. பிடிஎஸ்டி கோச்சில் உங்களுக்கு நெருக்கமானவர்களின் எண்களைச் சேர்க்க இடம் இருக்கிறது. 14416ஐயும், நள்ளிரவில் அழைத்தாலும் கோபப்படாத ஒருவரின் எண்ணையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

நினைவூட்டல் வரவில்லை என்றால் கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு அதைத் தடுத்திருக்கலாம். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

6. எந்தப் பயிற்சியில் தொடங்குவது

இதுவே முக்கியமான படி என்பதால் சற்று நிதானமாகப் படியுங்கள்.

ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் மூச்சைக் கவனிப்பதிலோ, உச்சி முதல் பாதம் வரை உடலை வரிசையாகக் கவனிப்பதிலோ தொடங்குகின்றன. சாதாரண மன அழுத்தத்தில் இருப்பவருக்கு இவை நல்ல தொடக்கம். மனக்காயம் உள்ளவருக்கு அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. நிகழ்வின்போது இதயம் படபடத்ததையும் நெஞ்சு இறுகியதையும் உடல் நினைவில் வைத்திருக்கிறது. கவனத்தை முழுவதும் உள்ளே திருப்பும்போது அதே படபடப்பு கண்ணில் பட்டால், மறுபடி ஆபத்து வந்துவிட்டது என்றே உடல் எடுத்துக்கொள்ளும்.

எனக்கு நடந்தது இதுதான். இரண்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, படுத்தபடி, இருபது நிமிட உடல் கவனிப்பைப் போட்டேன். குரல் நெற்றி, தாடை, கழுத்து என்று இறங்கி இடது தோளுக்கு வந்து, அங்கேயே தங்கச் சொன்னது. முதலில் தார் வாசனை வந்தது. பிறகு மூச்சு முட்டியது. நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பயன் போய்விடும் என்று நினைத்து மேலும் ஆறு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த நான்கு இரவுகள் தூக்கம் இல்லை.

எனவே, உள்ளே போகும் பயிற்சிகளை முதல் இரண்டு வாரங்களுக்குத் தள்ளி வைத்துவிட்டு, வெளியே இருப்பவற்றைக் கவனிக்கும் பயிற்சிகளில் தொடங்குங்கள். பகலில், வெளிச்சத்தில், சுவரில் முதுகு சாய்த்து, வாசல் கண்ணுக்குத் தெரியும்படி நாற்காலியில் உட்காருங்கள். கண்களைத் திறந்தே வைத்திருங்கள். கண்களை மூடச் சொல்லும் குரலுக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. பாதங்கள் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். பிறகு, காணும் பொருட்கள் ஐந்து, தொட்டு உணர்பவை நான்கு, கேட்கும் ஒலிகள் மூன்று, மணங்கள் இரண்டு, சுவை ஒன்று என்று மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள். செயலிகளில் கிரவுண்டிங் (தரையூன்றல்) என்ற தலைப்பின் கீழ் இது இருக்கும். உட்கார முடியவில்லை என்றால் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் மெதுவாக நடந்தபடி காலடியை மட்டும் கவனிக்கலாம். எனக்கு நடைதான் முதலில் பிடிபட்டது.

மூச்சைச் சேர்க்க விரும்பினால், நான்கு எண்ணும் அளவுக்கு உள்ளிழுத்து ஆறு எண்ணும் அளவுக்கு வெளிவிடுங்கள். மூச்சை அடக்கச் சொல்லும் பயிற்சிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நிறுத்தும் விதி: தொடங்குமுன் உங்கள் கலக்கத்துக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் கொடுங்கள். நடுவில் அது இரண்டு கூடினால் நிறுத்திவிடுங்கள். பழைய காட்சியே வந்துவிட்டால் எழுந்து நின்று, குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்து, இன்றைய தேதியையும் இருக்கும் ஊரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று மறுபடி முயல வேண்டாம். தொடர்ந்து நாட்களைக் கணக்கிட்டு, ஒரு நாள் தவறினால் பூஜ்யத்துக்குப் போய்விடும் வசதி சில செயலிகளில் உண்டு. அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக மோசமான நாளில் உட்காராதீர்கள்.

வண்டி ஓட்டும்போது எந்தப் பதிவையும் கேட்கக்கூடாது.

7. மொழி

மேலே சொன்ன செயலிகளில் நான் கேட்ட பதிவுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தவை. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனம் ஒருமுறை தமிழில் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததால், பயிற்சி முடியும்போது தேர்வு எழுதிய களைப்புதான் மிஞ்சியது.

பயிற்சியின் வாசகத்தை எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி, என் அக்காவைப் படிக்கச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துகொண்டேன். "இப்போ நீ நம்ம வீட்டுல இருக்க. கால் தரையில இருக்கா பாரு" என்று தொடங்கும் ஐந்து நிமிடப் பதிவு அது. நான்காவது நிமிடத்தில் சமையலறையிலிருந்து ஒரு குக்கர் விசில் கேட்கும். மறுபடி பதிவு செய்யலாமா என்று அக்கா கேட்டாள், வேண்டாம் என்றேன். எதிர்பார்த்த இடத்தில் வரும் ஒரு திடீர்ச் சத்தத்துக்கு உடல் பழகியது என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்பிக்கைக்குரிய ஒருவரின் குரலில் பதிவு செய்து பாருங்கள், செலவும் இல்லை.

8. காலக் கணக்கு

முதல் வாரம் நாளொன்றுக்கு இரண்டு முறை, மூன்று நிமிடம். இரண்டாம் வாரம் ஐந்து நிமிடம். மூன்று, நான்காம் வாரங்களில், கலக்க எண் கூடாமல் இருந்தால் மட்டும், எட்டு முதல் பத்து நிமிடம்; இந்தக் கட்டத்தில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைப் பகலில் ஒருமுறை முயலலாம். மனமுழுமைப் (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சியின் முறையான வகுப்புகளே பொதுவாக எட்டு வாரம் நடக்கின்றன. ஆகவே பத்து நாளில் மாற்றம் தெரியவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். அதே நேரம், நான்காம் வார முடிவில் பிசிஎல்-5ஐ மறுபடி நிரப்புங்கள். எண் கூடியிருந்தாலோ, அப்படியே இருந்தாலோ, வேறு செயலி தேடாமல் மருத்துவரிடம் போங்கள். நான் அந்த இடத்தில் இன்னொரு செயலியை நிறுவி மூன்று மாதங்களை இழந்தேன்.

9. மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கத்தை ஒட்டிய அயனாவரம் மேடவாக்கம் குளச் சாலையில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அரை நாளை ஒதுக்கிவிட வேண்டும். ஓ.பி. சீட்டு காலையில்தான் தருவார்கள். நான் பதினோரு மணிக்குப் போய் முதல் நாள் திரும்பி வந்தேன். மறுநாள் ஏழரைக்கு வரிசையில் நின்றேன். தனியார் மருத்துவர் என்றால் கட்டணத்தைத் தொலைபேசியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த முறைகளுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து.

ஆதார் அட்டை, விபத்துச் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர் எழுதிய சீட்டு, நீங்கள் குறித்து வந்த நோட்டு ஆகியவற்றை ஒரே கவரில் வையுங்கள். நோட்டிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக்கொண்டு போனால், கூட்டமான ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகாது: நிகழ்ந்த தேதி, பிசிஎல்-5 எண்கள் தேதிவாரியாக, சராசரித் தூக்கம், எந்தப் பயிற்சியில் கலக்க எண் குறைந்தது, எதில் கூடியது. என் மருத்துவர் கடைசி வரியைத்தான் இரண்டு முறை படித்தார்; உடல் கவனிப்பில் நடந்ததைக் கேட்டுவிட்டு, அதைச் சிகிச்சையின் பிற்பகுதியில் தன் முன்னிலையில் செய்து பார்க்கலாம் என்றார்.

செயலித் திரையின் படம் மருத்துவச் சான்று ஆகாது. அலுவலகத்தில் விடுப்புக்கோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குக்கோ, பதிவு பெற்ற மருத்துவரின் சான்றும் சிகிச்சைப் பதிவுகளும்தான் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஓ.பி. சீட்டையும் மருந்துச் சீட்டையும் தேதி வாரியாக அடுக்கி, கைபேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை ரசீதின் மை மூன்று மாதத்தில் மங்கிவிடுகிறது. அதை மட்டும் அன்றே நகலெடுத்து விடுங்கள்.